இடுப்பு மூட்டு தேய்ந்த வயதான நாயை நடக்க வைக்க என்ன செய்ய வேண்டும்

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர், ராட்வைலர் வளர்க்கும் பலருக்கும் இந்தக் கட்டம் வரும். எட்டு வயது தாண்டிய நாய் படுத்த இடத்திலிருந்து எழ, முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுக்கும். ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரி தத்தும். காரில் ஏறத் தயங்கும். உடனே அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "வயசாயிடுச்சு, நடக்க விடாதீங்க, ரெஸ்ட் குடுங்க."

தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். கிண்ணத்துக்குள் பந்து சரியாகப் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருக்கும் இடுப்பு மூட்டைப் பிடித்து வைத்திருப்பதே சுற்றியிருக்கும் தசைதான். படுக்கப் போட்டால் தசை வற்றும், தசை வற்றினால் மூட்டு இன்னும் ஆடும், வலி கூடும், வலி கூடினால் நாய் இன்னும் அதிகமாகப் படுக்கும். எங்கள் ரூபி (பெண் லாப்ரடார்) இந்தச் சுழலுக்குள் போய் மெதுவாக வெளியே வந்தவள். நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். சென்னையை வைத்துச் சொல்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் என்ன நோய் என்று உறுதி செய்வது, பிறகு வலியை அடக்குவது, எடை, தரை, அதற்கப்புறம்தான் பயிற்சி. வலியோடு இருக்கும் நாயைப் பயிற்சி என்று இழுத்தால் அது உங்களைக் கண்டாலே ஓரமாகப் போய்ப் படுத்துவிடும்.

1. இடுப்புதானா என்று உறுதி செய்யுங்கள்

பின்னங்கால் தடுமாறினாலே இடுப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம், முதுகெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு வயதான பிறகு வரும் ஒரு தண்டுவட நோயில் வலியே இருக்காது, ஆனால் பின்பாதம் மடங்கி இழுபடும், நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருக்கும். அப்புறம் நம் ஊரில் மறக்கவே கூடாத ஒன்று உண்ணிக் காய்ச்சல். இதிலும் மூட்டெல்லாம் வலித்து நாய் எழ மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருப்பது தெரிந்தால் சிகிச்சையே வேறு. நாய் மேல் உண்ணி பார்த்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எலும்புக்குத் தனிப் பிரிவு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில், தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கும் அங்கங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். காத்திருக்கும் இடம் வழவழப்பான தரையாக இருந்தால் நாய் நிற்கவே சிரமப்படும், அதனால் ஒரு ரப்பர் பாயைச் சுருட்டி எடுத்துப் போவது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை:

தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் (முக்கியமாகக் கடந்த ஒரு மாதத்தில் போட்ட ஊசிகளின் பெயர்), முன்பே எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அது, அப்புறம் போனில் ஒரு வீடியோ. வீடியோவை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் நாய் வலியை மறைத்து நேராக நடக்கும். வீட்டில் காலையில் எழுந்திருப்பது, நடப்பதைப் பின்னாலிருந்து, நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து என்று மூன்றையும் எடுத்து வையுங்கள்.

இடுப்பு எக்ஸ்ரே சரியாக வர, நாயை மல்லாக்கப் படுக்கவைத்துப் பின்னங்கால்களை நீட்டிப் பிடிக்க வேண்டும். வலிக்கும் மூட்டை அப்படி நீட்டவிடாது என்பதால் பெரும்பாலும் லேசான மயக்கம் கொடுப்பார்கள். வயதான நாய்க்கு மயக்கம் என்றால் அதற்கு முன்னால் சிறுநீரகம், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வலி மாத்திரை ஆரம்பிக்கவும் அதே முடிவுகள் தேவைப்படும், அதனால் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம். முந்தைய இரவிலிருந்து சாப்பாடு கொடுக்கலாமா கூடாதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே, மயக்கம், ரத்தப் பரிசோதனை மூன்றும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும், கிளினிக்குக் கிளினிக் வித்தியாசமும் அதிகம், முன்கூட்டியே விலை கேட்பதில் தப்பே இல்லை. படத்தின் டிஜிட்டல் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த டாக்டரிடம் மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

படத்தைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம். படத்தில் மூட்டு மிக மோசமாகத் தெரியும் நாய் நன்றாக நடப்பதும், லேசாகத் தெரியும் நாய் ரொம்ப நொண்டுவதும் உண்டு. தசையும் எடையும்தான் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி.

2. வலியை அடக்குங்கள், ஆனால் டாக்டரின் கையால்

வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். நாய்களுக்கென்று கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபைரோகாக்சிப் போன்றவை இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது எடையையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து டாக்டர் முடிவு செய்வார்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒரு கிளினிக்கில் ரூபிக்கு எக்ஸ்ரே எடுக்காமலே ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பினார்கள். சில நாள் துள்ளிக் குதித்தாள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அப்புறம் பழையபடி. ஸ்டீராய்டும் இந்த வலி மாத்திரைகளும் சேர்ந்தால் குடலில் புண் வந்து ரத்தம் கசியும் ஆபத்து அதிகம், அதனால் அடுத்த டாக்டர் சரியான மாத்திரையை உடனே ஆரம்பிக்க முடியாமல் இடைவெளி விட வேண்டியதாகிவிட்டது, அந்த நாட்களை அவள் வலியோடுதான் கடத்தினாள். யார் ஊசி போட்டாலும் "இது ஸ்டீராய்டா?" என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, கறுப்பு மலம், சாப்பாட்டில் வெறுப்பு, இதில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆரம்பித்த சில வாரங்களில் ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்தே யோசியுங்கள். மாத்திரையின் அளவு எடைக்கு ஏற்றபடிதான் என்பதால் முப்பத்தைந்து கிலோ நாய்க்கு ஆகும் செலவு சின்ன நாய்க்கு ஆவதைப் போலப் பல மடங்கு. செல்லப்பிராணி இன்சூரன்ஸ் இதற்குக் கைகொடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏற்கனவே இருக்கும் நோயையும் பிறவி மூட்டுக் கோளாறையும் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், வயது வரம்பும் இருக்கும். பாலிசியில் விலக்குகள் பகுதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

துணை மருந்துகளில் மீன் எண்ணெய்க்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது, அளவை டாக்டரிடம் கேளுங்கள். கடையில் மீன் எண்ணெய் கேட்டால் மீன் ஈரல் எண்ணெயைத் தூக்கிக் கொடுப்பார்கள், அது வேறு, அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், மூட்டுக்கென்று தினமும் நிறையக் கொடுத்தால் ஆபத்து. சைவ வீடுகளில் ஆளி விதை எண்ணெய் ஊற்றுகிறார்கள், நாயின் உடம்பு அதிலுள்ள கொழுப்பை மீன் எண்ணெயில் இருக்கும் வடிவத்துக்கு மிகக் குறைவாகவே மாற்றுகிறது. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைகளுக்கு ஆதாரம் பலவீனம். கையில் காசு குறைவு என்றால் முதலில் விடக்கூடியது அதுதான் என்பது என் கருத்து.

3. எடை: எல்லா மருந்தையும்விடப் பெரியது

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2002ல் வெளியானது. ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏற்கனவே குண்டாகி நொண்டும் நாய்க்கும் உடல் எடையில் ஆறு, ஏழு சதவீதம் குறைந்தாலே நடையில் வித்தியாசம் தெரியும். நாற்பது கிலோ லாப்ரடாருக்கு அது மூன்று கிலோகூட இல்லை.

விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையை நீட்டி, புறங்கை எலும்புகளைத் தடவினால் எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரிந்தால் சரியான எடை. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் அதிகம்.

நம் வீடுகளில் எடை ஏறுவது தட்டில் இருந்து இல்லை, கையில் இருந்து. தாத்தா காபியோடு கொடுக்கும் பிஸ்கட், பாட்டி ஊட்டும் தயிர்சாதம், பிள்ளைகள் டேபிளுக்குக் கீழே நீட்டும் சப்பாத்தி. ஒருநாள் முழுக்கக் கொடுப்பதை ஒரு டப்பாவில் காலையிலேயே போட்டுவிடுங்கள், யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். சாதத்தைக் குறைத்து, வெந்த பீன்ஸ், சுரைக்காய், பூசணி சேர்த்தால் வயிறு நிறையும். புரதத்தைக் குறைக்காதீர்கள், தசைக்கு அதுதான் வேண்டும். தோல் நீக்கிய கோழி, முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் நல்லது, உப்பு மசாலா வெங்காயம் இல்லாமல். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. வாரத்துக்கு எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும், பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும்.

4. தரையைச் சரி செய்யுங்கள்

டைல்ஸ், கிரானைட் தரை இந்த நாய்களுக்கு எதிரி. எழும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் அது மூட்டைப் பிடித்து இழுக்கிறது. பயமும் சேர்ந்துகொண்டு எழுவதையே தவிர்க்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல் என்று அது தினம் நடக்கும் பாதை முழுக்கப் பாய் போடுங்கள். மலிவான யோகா பாய்களை நீளவாக்கில் வெட்டிப் போட்டாலே போதும், சில நூறு ரூபாய்க்குள் ஒரு அறை முடிந்துவிடும். பாயின் அடிப்பக்கம் நழுவக் கூடாது, நழுவும் பாய் வெறும் தரையைவிட மோசம். நகத்தை வெட்டி, பாதத்துக்கு அடியில் விரலிடுக்கில் வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் மெத்தையை விட்டுவிட்டு ஃபேனுக்கு நேர்கீழே வெறும் தரையில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கும். சரி, படுக்கட்டும், எழுந்து கால் ஊன்றும் பக்கம் ஒரு பாய் இருந்தால் போதும். மழைக்காலத்தில் கட்டாயம் தடிமனான மெத்தை.

மாடிப்படிக்கு ஒரு தடுப்பு வையுங்கள். ஸ்கூட்டர் முன்னால் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், குதித்து இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சி நேராக இடுப்புக்குப் போகும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு முன்னால், இன்னொரு கை தொடைகளுக்குப் பின்னால். எழ உதவுவதற்கு ஒரு குளியல் துண்டை வயிற்றுக்கடியில், பின்னங்காலுக்கு முன்பாகக் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். ஆண் நாய் என்றால் துண்டு சிறுநீர்ப் பாதையை அழுத்தாமல் பார்க்க வேண்டும். தூக்குவது உங்கள் வேலை இல்லை, தாங்குவது மட்டும்தான், நாயின் கால் தரையில் ஊன்றியே இருக்க வேண்டும்.

5. தினசரி நடை

தினமும் ஒரே அளவு. இதுதான் விதி. வாரம் முழுக்க வீட்டுக்குள் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடினால் திங்கட்கிழமை எழவே எழாது. பத்து நிமிடமாக இரண்டு மூன்று தடவை ஆரம்பியுங்கள். பெல்ட் போட்டு, ரொம்ப மெதுவாக. வேகமாகப் போனால் வலிக்கும் காலைத் தவிர்த்துத் தத்திக்கொண்டு போய்விடும், மெதுவாகப் போனால்தான் நான்கு காலிலும் முறையாக எடை இறங்கும். சின்னக் குச்சி அளவு எட்டு வைத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பின்னங்காலும் தனித்தனியாக ஊன்றுகிறதா என்று பாருங்கள்.

மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். கூடவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டு நிமிடம் ஏற்றலாம். புல், மண் தரை நல்லது. கடற்கரை என்றால் அலை நனைத்த இறுகிய மணல், காய்ந்து புதையும் மணல் வேண்டாம். வெயிலுக்கு முன்னால் விடிகாலையில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்காதீர்கள். பந்து எறிவது, குதித்துப் பிடிப்பது, சட்டென்று திரும்பி ஓடுவது எல்லாம் இனிமேல் கிடையாது, எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும்.

6. தசைக்கான பயிற்சிகள்

நடை மட்டும் தொடைச் சதையைக் கொண்டுவராது. இவற்றை டாக்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். ரப்பர் பாய் மேல்தான், சாப்பிட்ட உடனே கூடாது, ஐந்து நிமிட நடைக்குப் பிறகு. மழைக்காலத்தில் அதற்கும் முன்னால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இடுப்பின் இருபுறமும் பத்து நிமிடம் வைத்தால் விறைப்பு தளரும். துணியை முதலில் உங்கள் முழங்கையில் வைத்து சூடு பாருங்கள்.

உட்கார்ந்து எழுவது. என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாயைச் சுவரை ஒட்டி, வலிக்கும் கால் சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு துண்டு வெந்த கோழியை மூக்குக்கு மேலே கொண்டுபோய் உட்கார வையுங்கள், அப்படியே முன்னால் கொஞ்சம் நகர்த்தி எழ வையுங்கள். சுவர் இருப்பதால் கால் வெளியே விரியாது. ரூபி முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலைக் கீழே மடக்கித்தான் உட்காருவாள், எழும்போது முன்னங்காலால் இழுத்துக்கொண்டு எழுவாள், பின்தொடை லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், தசை களைத்துவிட்டது என்று பொருள். முழுதாக உட்கார முடியாத நாய்க்கு ஒரு தலையணையைப் பின்னால் போட்டு அதன்மேல் பாதி உட்கார வையுங்கள். மூன்று நான்கு தடவையில் ஆரம்பித்து மெதுவாகப் பத்து வரை போகலாம், காலை மாலை இரு வேளை.

கம்பு தாண்டுவது. மூன்று நான்கு பிவிசி பைப் வாங்கி, நாயின் தோள் உயரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி விட்டுத் தரையில் போடுங்கள். மெதுவாக நடத்திக் கூட்டிப் போனால் ஒவ்வொரு காலையும் தூக்கி வைக்கும், இடுப்பு முழுமையாக மடங்கி நிமிரும். பழகிய பிறகு ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து அதன்மேல் பைப் முனையை வைக்கலாம், அதற்கு மேல் உயரம் வேண்டாம். தாண்டிக் குதித்தால் உயரம் அதிகம் என்று பொருள்.

எடை மாற்றுவது. நான்கு காலில் நிற்கும் நாயின் இடுப்பில் இரு பக்கமும் கை வைத்து, லேசாக ஒரு பக்கம் தள்ளுங்கள், அது எதிர்த்து நிற்கும், ஐந்து விநாடி, பிறகு மறுபக்கம். அடுத்த கட்டமாக ஒரு முன்னங்காலைக் கையில் பிடித்துச் சில விநாடி தூக்கி வைத்தால் எடை பின்னால் போகும். வலியால் எடையெல்லாம் முன்னங்காலுக்குப் போய்விட்ட நாய்க்கு இது ரொம்ப முக்கியம். கரண்ட் இல்லாத மழை நாளிலும் செய்யலாம்.

பின்னால் நடப்பது. சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்தி, நீங்கள் மெதுவாக அதை நோக்கி நகர்ந்தால் இரண்டு மூன்று அடி பின்னால் வைக்கும். அது போதும்.

நீச்சல் நல்லதுதான், தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்கிறது. அதற்காகக் கிணறு, குளம், அலையடிக்கும் கடல் வேண்டாம், வழுக்கும் படியில் ஏறி இறங்குவதிலேயே செய்த நன்மை போய்விடும். பெரிய நகரங்களில் நாய்களுக்கான வெதுவெதுப்பான நீர்த்தொட்டியும் தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லும் வைத்திருக்கும் மையங்கள் இருக்கின்றன, கட்டணம் தடவைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். மொத்தமாகப் பேக்கேஜ் கட்டச் சொன்னால் ஒரே ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, மறுநாள் நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பின்னங்காலைப் பிடித்துப் பலமாகப் பின்னால் இழுத்து நீட்டும் யாரிடமும் நாயை விடாதீர்கள்.

7. அளந்து வையுங்கள்

தினமும் பார்ப்பதால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது, மனம் சோர்ந்துவிடும். தையல் டேப்பை எடுத்து, நாய் நேராக நிற்கும்போது தொடையின் மேல்பகுதியில், கவட்டைக்கு அருகே, இரண்டு காலிலும் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள், மாதம் ஒரு தடவை, ஒரே ஆள் அளக்க வேண்டும். கூடவே எடையும், அதே இடத்தில் எடுத்த நடை வீடியோவும். வலி மாத்திரையின் பலன் சில நாளில் தெரியும், தசை வரக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், எடை இறங்க இரண்டு மூன்று மாதம். மூன்று மாதம் சரியாகச் செய்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால் அறுவை சிகிச்சை பற்றி எலும்பு நிபுணரிடம் பேசுங்கள். தொடை எலும்பின் தலையை நீக்கும் முறையும் செயற்கை இடுப்பு பொருத்தும் முறையும் இருக்கின்றன, இரண்டாவது மிகச் செலவானது, எல்லா இடத்திலும் செய்வதும் இல்லை. எதைச் செய்தாலும் தசை இருக்கும் நாய்தான் சீக்கிரம் தேறும், அதனால் செய்த பயிற்சி வீண் போகாது.

தீபாவளி வாரத்துக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு டைல்ஸில் வழுக்கி ஓடி, மாதக் கணக்கில் தேற்றியதை ஒரே இரவில் இழந்த நாய்கள் உண்டு. பாய் விரித்த உள்ளறை, மூடிய ஜன்னல், தேவைப்பட்டால் பதற்றத்துக்கான மாத்திரை என்று டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள், பண்டிகை நாளில் கிளினிக் மூடியிருக்கும்.

8. காத்திருக்கக் கூடாத நேரங்கள்

திடீரென்று இரண்டு பின்னங்காலும் இழுபட்டால், பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் உரசினால், தெரியாமலே சிறுநீர் மலம் போனால் அன்றே தூக்கிக்கொண்டு போங்கள், அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், மணிக்கணக்கில் தாமதித்தாலும் வித்தியாசம் உண்டு. ஒரு காலை மட்டும் முழுதாகத் தூக்கிக்கொண்டு ஊன்றவே மறுத்தால் தசைநாரைச் சந்தேகப்பட்டு ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள், அதுவரை எல்லாப் பயிற்சியையும் நிறுத்துங்கள். இரவில் மூச்சிரைத்துக்கொண்டு இடம் மாறி மாறிப் படுப்பது, எப்போதும் கொஞ்சுபவள் பின்பக்கம் தொட்டால் உறுமுவது, இடுப்பையே நக்கிக்கொண்டிருப்பது இவையெல்லாம் கத்தாமல் சொல்லும் வலி, மாத்திரை அளவை மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் போனில் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணையும், நாயை ஏற்றிக்கொள்ளும் ஒரு ஆட்டோ அல்லது வேன்காரரின் எண்ணையும் இன்றைக்கே வாங்கிக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள்.